காவிக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்தே பிழைக்கிற தொழிலில் பயம் இல்லாதவர் யாரும் கிடையாது. சிலருக்கு அது முகத்தில் தெரியாது, என்னுடையது மந்தைவெளிக்கே தெரியும்.

என் கணவருக்குக் கடற்கரைப் பக்கத்தில் ஒரு தரகர் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். வெள்ளிக் கட்டியும் மில் பங்குகளும் வாங்கி விற்கிற இடம். பெண்பிள்ளைகள் அங்கே படியேற மாட்டார்கள். ஆனால் அவர்களிடமும் சேர்த்து வைத்த பணம் இருந்தது, ஆசையும் இருந்தது. அதனால் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கத்துப் பெண்கள் என்னிடம் வந்து சொல்லுவார்கள். நான் அவரிடம் சொல்லுவேன். அவர் மறுநாள் டிராமில் போய் வாங்கியோ விற்றோ வருவார். கமிஷனில் ஒரு பங்கு எங்களுக்கு. விலை போகிற போக்கைக் கோடாக இழுத்து, அந்தக் கோடு என்ன வடிவம் எடுக்கிறது என்று பார்த்து யோசனை சொல்லுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

எங்களுக்கென்று ஒரே ஓர் ஆசை. மந்தைவெளியில் நாங்கள் இருந்த வீட்டில் ஆறு குடித்தனம், ஒரு கிணறு. விடியற்காலையில் குடத்தோடு போனால் எனக்கு முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். என் முறை வருவதற்குள் தண்ணீர் கலங்கிவிடும், வார்த்தையும் தடித்துவிடும். எனக்குச் சொந்தமாக ஒரு கிணறு வேண்டும். அதை ஒட்டி ஒரு வீடு இருந்தால் போதும். அதற்காக மிச்சம் பிடித்ததையெல்லாம் வெள்ளியில் போட்டு வைத்தோம். கிணறு கிடைக்குமா, வெள்ளியோடு போய்விடுமா என்ற கவலையோடுதான் இதில் வருகிற எல்லாமே நடந்தது. எதையாவது வாங்கி வைத்துவிட்டுச் சாதம் இறங்காமல் உட்கார்ந்திருக்கிற சகோதர சகோதரிகள் இதைப் படித்துக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

எறும்பு தூக்கிய விலை

ஆபீசில் பெரிய துரை ஒருவர் இருந்தார். அவர் தினமும் விலையைக் கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளியாகக் குத்தி, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுப்பாராம். மலை மாதிரி வந்தால் ஓர் அர்த்தம், கிண்ணம் மாதிரி வந்தால் வேறோர் அர்த்தம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒரு சிலேட்டில் போட்டுப் பார்த்தார். அவர் வைத்த புள்ளிகள் கூட்டம் கலைந்த மாதிரி இருந்தன. "இதென்ன பெரிய வித்தை, புள்ளி வைக்கிறதுதானே?" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்காகப் பின்னால் எத்தனையோ நாள் என் வாயிலேயே அடித்துக்கொண்டிருக்கிறேன். பின்கட்டில் சிமெண்டுத் தரையில் ஒரு மூலையைத் துடைத்து, அரிசி மாவால் வரிசையாகப் புள்ளி வைத்தேன். குறுக்கே ஒரு புள்ளிக்கு ஒரு நாள், மேலே ஒரு புள்ளிக்கு எட்டணா. அவர் சாயங்காலம் பம்பாய்த் தந்தி விலையைக் கொண்டு வருவார். நான் விளக்கேற்றிவிட்டு, நேற்றைய புள்ளியிலிருந்து இன்றைய புள்ளிக்கு மாவை இழுப்பேன்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வக்கீலின் மனைவி குஞ்சம்மாள் மாமிதான் என்னுடைய முதல் வாடிக்கை. வக்கீலுக்குத் தெரியாமல் வெள்ளி வாங்கியிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் நான் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தால், மாமி பின்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் வெளுத்துக் கிடக்கிறது. விஷயம் இதுதான்: அந்த வாரத்து மாவை எறும்புகள் தூக்கிக்கொண்டிருந்தன. தூக்கின மாவோடு அவை சாரை சாரையாகப் போன வழி, உச்சியிலிருந்து சாக்கடை வாய் வரைக்கும் ஒரே நேராக ஒரு வெள்ளைக் கோடு. விலை நேற்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இது எறும்பு என்று சொல்லி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் குடித்தாள். ஆனாலும் கண் சாக்கடைப் பக்கமே இருந்தது.

"எறும்போ என்னமோ, வெள்ளி சாக்கடைக்குப் போறதுன்னா நேக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பப்படாதோ, கனகம்?" என்றாள்.

தலையும் தோளும்

மறுவாரமே அவர் கட்டம் போட்ட காகிதம் வாங்கி வந்தார். எறும்புத் தொல்லை விட்டது. ஆனால் காகிதத்தில் போட்டாலும் கை பழைய கைதானே.

துரையிடமிருந்து அவர் கற்று வந்த வடிவங்களில் ஒன்றுக்குத் தலையும் தோளும் என்று பெயர். விலை ஒரு மேடு ஏறி இறங்கும்; அது இடது தோள். பிறகு அதைவிட உயரமாக ஒரு மேடு, அது தலை. கடைசியில் முதல் மேட்டின் உயரத்துக்கே இன்னொன்று. அது வலது தோள். மேடுகளுக்கு நடுவே இருக்கிற பள்ளம்தான் கழுத்து; வலது தோளிலிருந்து இறங்கி அதற்குக் கீழே வந்தால் விலை சரியப் போகிறது, விற்றுவிட வேண்டும். எங்கள் காகிதத்தில் இடது தோளும் தலையும் வந்து நின்றன. இங்கேதான் என் கை சும்மா இருக்கவில்லை. கோலத்தைப் பாதியில் விட்டு எழுந்து பழக்கமில்லை எனக்கு. இழை ஆரம்பித்த இடத்தில் வந்து சேர வேண்டும். இந்தப் பக்கம் ஒரு வளைவு இருந்தால் அந்தப் பக்கமும் இருக்க வேண்டும். தலைக்கு ஒரு பக்கம் மட்டும் தோளோடு அந்தக் கோடு கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பென்சிலால் லேசாக வலது தோளையும் போட்டு வைத்தேன்.

போட்டதோடு விட்டேனா? தினமும் அதையே பார்த்தேன். நாலைந்து நாளில் விலை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கிற்று. என் கண்ணுக்கு அது பென்சில் தோள் மேலேயே நடந்து போகிற மாதிரி இருந்தது. "விற்றுவிடுங்கள், கழுத்து வந்தாச்சு" என்று அவரை விரட்டினேன். கிணற்றுக்கென்று வைத்திருந்த வெள்ளியில் பாதியை விற்றார். மறுநாளிலிருந்து விலை நிமிர்ந்து ஏறிற்று. நான் தோள் என்று நினைத்தது அடுத்த தலைக்கு அடிவாரம். ஆபீசில் அவருக்குப் பக்கத்து மேஜையில் இருந்த நாயுடு, காகிதத்தை வாங்கிப் பென்சில் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாராம். என்னிடம் சொல்லச் சொல்லி அனுப்பிய வார்த்தையை என் கணவர் ஒன்று விடாமல் வந்து சொன்னார்.

"ஆறுமுக சாமிக்கே ஆறு தலை இருக்குது முதலியார், வெள்ளிக்கு ஒரு தலைதான்னு உங்க வீட்டம்மாவுக்கு யார் சொன்னது?"

கல்யாணத்தன்றே

அதற்குப் பிறகு என் கைமேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. நினைத்த வடிவம் வந்தால் சரி. வராவிட்டால் எங்கே நிறுத்துவது? மார்கழியில் ஒரு விடியற்காலை வாசலில் கோலம் போட்டு முடித்து, சுற்றிலும் காவி பூசிக்கொண்டிருந்தேன். காவி பூசிவிட்டால் கோலம் முடிந்தது என்று அர்த்தம். அதைத் தாண்டி ஓர் இழையும் போகாது. கையில் காவியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து வெள்ளி வாங்குகிற ஒவ்வொரு தடவையும், வாங்கின விலைக்குக் கீழே ஓர் இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். விலை அதற்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல் விற்றுவிட வேண்டும். கோட்டை மேலே ஏற்றலாம், கீழே இறக்கக் கூடாது. வீட்டில் இதற்குக் காவிக் கோடு என்று பெயர் வந்துவிட்டது. துரையும் இப்படி ஒன்று வைத்திருந்தாராம், அவர் அதற்கு என்ன பெயர் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வாடிக்கைக்காரர்களுக்கும் இதே சட்டம் என்று சொன்னேன். முதலில் மாட்டிக்கொண்டவள் அந்தோணியம்மா. அடையாற்று முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து எங்கள் பக்கம் மீன் கொண்டு வருவாள். பணமாக வைத்திருந்தால் சொந்தக்காரர்கள் கைமாற்று கேட்டு வருவார்கள், வெள்ளியாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவள் வெள்ளி வாங்க வந்தாள். வாங்கின அன்றைக்கே அவள் கண்ணெதிரில் சிவப்புக் கோட்டைப் போட்டேன். இது என்ன என்றாள். விலை இதற்குக் கீழே போனால் விற்றுவிடுவோம் என்றேன். கூடையைத் தலையில் ஏற்றப் போனவள் இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா நீ, வாங்கும்போதே விக்கறதுக்குக் கோடு போட்டுக்கினு கீறே? கண்ணாலத்தன்னிக்கே கருமாதிக்கு நாள் பாக்கற மாதிரி கீது."

வக்கீல் வீட்டுக் கொடி

கொடி என்று ஒரு வடிவம் உண்டு. விலை நட்டுவைத்த கம்பம் மாதிரி மளமளவென்று ஏறும். பிறகு சில நாள் களைத்துப் போய்க் கொஞ்சம் சாய்வாகத் தொங்கும், அது துணி. துணி கிழியாமல் இருந்தால் மறுபடி ஏறும். ஒரு தடவை மிக அழகாகக் கொடி வந்தது. குஞ்சம்மாள் மாமி கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வாங்கச் சொல்லிப் போனாள். இப்படிச் சாக்குச் சொல்லித் தினமும் வந்ததில், அந்த வாரம் எங்கள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குப் போகாத இலை முருங்கை ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். மாமிக்கு வாங்கியாயிற்று. யாரிடமிருந்து வாங்கியது என்று பார்த்தால், விற்றவர் வக்கீல். அவரும் இதே ஆபீசில் வெகு நாளாக வரவு செலவு வைத்திருந்திருக்கிறார், பெண்டாட்டிக்குத் தெரியாமல். ஏறின வெள்ளி களைத்துவிட்டது, இனி இறங்கும் என்று அவர் நினைத்து விற்க, அந்த வெள்ளியையே நாயுடு மாமிக்குக் கொடுத்துவிட்டார். ஒரே வீட்டு வாசலுக்கு உள்ளேயே சரக்கு கைமாறிவிட்டது, ஆபீஸ் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியிருக்கிறது, அதில் எங்கள் பங்கும் உண்டு. ஒருவர் கணக்கை மற்றவரிடம் சொல்லக் கூடாது என்பது தொழில் தர்மம். ஆனால் தெரிந்தால் வக்கீல் எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார் என்று எனக்கு நடுக்கம். குளத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். கொடி கிழியவில்லை, விலை ஏறிற்று. அது ஏற ஏற என் நடுக்கமும் ஏறிற்று.

கடைசியில் மாமியே வந்தாள். வக்கீல் முதல் நாள் இலையில் கைவைக்காமல், இன்ன தேதியில் வெள்ளியை விற்றுத் தொலைத்தேன் என்று வாய்விட்டுப் புலம்பியிருக்கிறார். பரிமாறிக்கொண்டிருந்த மாமிக்குத் தேதி புரிந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சொன்னா என்னை ஆத்தை விட்டே அனுப்பிச்சுடுவார். சொல்லாட்டா பாவம், சாப்பிடாம கெடக்கறார். ஆத்துல ஒருத்தராவது ஜெயிச்சோமேன்னு நான் யார்கிட்டப் போய்ச் சொல்லிண்டு சந்தோஷப்படறது?"

முக்கோணம்

ஒரு வருஷம் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏறினால் முன்பைவிடக் குறைவாக ஏறும், இறங்கினால் முன்பைவிடக் குறைவாக இறங்கும். காகிதத்தில் மேல்கோடும் கீழ்கோடும் நெருங்கி நெருங்கி முனை சிறுத்துக்கொண்டே வந்தது. இதற்குப் பெயர் முக்கோணம். முனைக்கு வந்ததும் பிய்த்துக்கொண்டு போகும். எந்தப் பக்கம் போகும் என்பதைத்தான் துரையும் சொல்லமாட்டார். அந்த நாட்களில் எங்கள் கிணற்றடியில் கயிறு அறுந்து வாளி உள்ளே போய், அதை எடுப்பது யார் பொறுப்பு என்று ஆறு குடித்தனமும் ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்தியிருந்தோம். எனக்கு வீட்டுக்குள்ளும் முக்கோணம், வெளியிலும் முக்கோணம்.

அந்தோணியம்மா வாரம் தவறாமல் வந்து கேட்டாள். மேலே போகலாம் என்றேன். போகுமா என்றாள். கீழேயும் போகலாம் என்றேன். அப்போ நான் இன்னா பண்றது என்றாள். முனை வரட்டும், பொறு என்றேன். அவள் குனிந்து, நான் அத்தனை மாதமும் பார்த்துப் பார்த்து வைத்த புள்ளிகளை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தாள்.

"போனாலும் போவும், வந்தாலும் வரும்னு சொல்றதுக்கா இத்தினி காயிதம்? எங்க குப்பத்துல இத ஓசியிலயே சொல்லுவாங்கம்மா."

அடுப்பில் கஞ்சி

முக்கோணம் மேல்பக்கமாகப் பிய்த்துக்கொண்டது. எங்களுக்கும் லாபம் வந்தது. அந்தச் சமயத்தில் மாம்பலத்தில் பழைய ஏரி இருந்த இடத்தைச் சமப்படுத்தித் தெரு தெருவாக மனை போட்டு விற்றார்கள். ஏரிக்குள் வீடு கட்டினால் மழைக்கு என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. "ஏரி இருந்த இடத்தில கிணறு வெட்டினா தண்ணி வராமப் போயிடுமா?" என்று அவர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். முன்பணம் கட்டினோம். மீதியைத் தை முடிவதற்குள் கட்ட வேண்டும். தவறினால் மனை அடுத்தவருக்குப் போய்விடும், முன்பணமும் திரும்பாது. மீதி அத்தனையும் வெள்ளியில் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் கிணறு வெட்டுகிற கூலியும் வந்துவிடும் என்று அவர் சொன்னார். சரி என்று இருந்தோம். நான் காவிக் கோட்டை, எந்த விலைக்குக் கீழே போனால் மனைப் பணம் தேறாதோ அந்த இடத்தில் போட்டேன். பயந்தாங்கொள்ளி ஆனதால் ஒரு கட்டம் மேலேயே போட்டேன்.

தை பிறந்ததும் அவர் விஷ ஜுரம் வந்து படுத்துவிட்டார். ஆபீசிலிருந்து விலை கொண்டு வர ஆள் இல்லை. தினமும் காலையில் நான் மாமி வீட்டுக்குப் போய், வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பின பிறகு, அவருடைய பத்திரிகையில் விலையைப் பார்த்துவிட்டு வருவேன். விலை இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் பார்த்தால் புள்ளி காவிக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டது.

அவர் படுக்கையிலிருந்தே காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "இது கிண்ணம்டி. இதோட அடியில வந்து நிக்குது. இங்கேயிருந்துதான் ஏறும். துரை காகிதத்தில நானே பார்த்திருக்கேன். கோட்டை ஒரே ஒரு கட்டம் தள்ளிப் போடு" என்றார்.

"கீழே தள்ளக் கூடாதுன்னு சட்டம்."

"சட்டம் போட்டது யாரு, கவர்னரா? நீதானே?"

"நான்தான். அதனாலதான் தள்ள மாட்டேன். கவர்னர் போட்டிருந்தா தள்ளியிருப்பேன்."

விற்கச் சொல்லி நானே கடுதாசி எழுதி, அவர் கையில் பேனாவைக் கொடுத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் குடித்தனத்து அம்மாளிடம் பேச்சு இல்லாவிட்டாலும் அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குளத்தண்டை போய் டிராம் ஏறினேன்.

தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. ராயப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் செய்தது சரியா என்று கவலை. ராயப்பேட்டை தாண்டினதும், அவருக்கு வைத்த கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கினேனா என்று கவலை. நினைத்து நினைத்துப் பார்த்தேன். இறக்கின ஞாபகமே வரவில்லை. கஞ்சி வழிந்து, விறகு சரிந்து, பக்கத்துக் குடித்தனத்துக் கூரையும் பற்றிக்கொள்ளுகிற வரைக்கும் எல்லாவற்றையும் டிராமிலேயே பார்த்துவிட்டேன். ஆபீசில் படியேறியதும் நெற்றி நிறைய நாமம் போட்ட ஒருவர் எழுந்து வந்து, "முதலியார் வீட்டம்மாவா? காவிக் கோட்டம்மாவா?" என்று கேட்டார். அவர்தான் நாயுடு. கடுதாசியைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "காலைத் தந்தியில விலை கொஞ்சம் ஏறியிருக்குதும்மா. நாளைக்கு வரைக்கும் பொறுத்தா என்ன?" என்றார். நேற்றே கோட்டுக்குக் கீழே போயாச்சு, விற்றுவிடுங்கள் என்றேன். விற்றார். மனைப் பணம் வந்துவிட்டது, ஒரு கட்டம் மேலே போட்டதனால் சரியாகவே வந்தது. அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாயுடு பதறிப்போய், நஷ்டம் ஒன்றும் இல்லை, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். கஞ்சியைச் சொன்னேன்.

"வெள்ளிக்காக இந்த மேஜை முன்னால எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கேன்மா, அடுப்பில வெச்ச கஞ்சிக்காக அழுதது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

கிண்ணத்தின் அடி

கஞ்சியை இறக்கித்தான் வைத்திருந்தேன். பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் அதை அவருக்கு ஆற்றிக் கொடுத்தும் இருந்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு வந்துவிட்டது. அவருக்கு ஜுரம் இறங்கிற்று. தை முடிவதற்குள் மனைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் ஆயிற்று.

வெள்ளியோ, நான் விற்ற அன்றிலிருந்தே ஏற ஆரம்பித்தது. பழக்கத்தினால் நான் புள்ளி வைப்பதை விடவில்லை. மாசி ஏறிற்று, பங்குனி ஏறிற்று. சித்திரையில் பார்த்தால், துரையே போட்டது போல அவ்வளவு வட்டமான, அவ்வளவு சுத்தமான ஒரு கிண்ணம். இத்தனை வருஷத்தில் என் காகிதத்தில் வந்த எல்லா வடிவத்திலும் அழகானது அதுதான். நான் விற்ற புள்ளி அதன் நட்ட நடு அடியில் உட்கார்ந்திருந்தது. மாமியும் அந்தோணியம்மாவும் குறைந்த விலையில் வாங்கினவர்கள். அவர்களுடைய காவிக் கோடு இன்னும் கீழே இருந்ததால் விற்க வேண்டி வரவில்லை. இரண்டு பேருக்கும் நல்ல லாபம். என்னிடம் ஆலோசனை கேட்டவர்கள் எல்லாரும் நன்றாக இருந்தார்கள், ஆலோசனை சொன்னவளைத் தவிர. அவர் திட்டவில்லை. தினமும் சாயங்காலம் விலையை மட்டும் சத்தமாகச் சொல்லுவார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குத் திட்டினாலே தேவலை.

வீடு கட்டப் பணம் இல்லை. கிணற்றை முதலில் வெட்டினோம். ஏரி இருந்த இடம் அல்லவா, ஆள் உயரம் தாண்டுவதற்குள் தண்ணீர் ஊறிற்று. வெட்ட வெளியில் ஒரு கிணறும் ஒரு கீற்றுக் கொட்டகையும், சுற்றிலும் முள்ளும் கருங்கல் குவியலும். அன்றைக்கு மாமி குங்குமமும் தேங்காயும் கொண்டு வந்தாள். அந்தோணியம்மா கூடை இல்லாமல், புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "கிணறு கீது, வூடு எங்கம்மா?" என்றாள். வரும் என்றேன். "மேல போவுமா கீழ போவுமா?" என்று கேட்டாள். அவள் எதை நினைத்துக்கொண்டு கேட்டாள் என்று தெரிந்து எல்லாரும் சிரித்தோம்.

அவர்கள் போன பிறகு முதல் வாளியை அவரே இறைத்தார். ஜுரத்தில் இளைத்திருந்த உடம்பு. நான் இறைக்கிறேன் என்றால் விடவில்லை. எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை, பின்னால் ஒருவரும் இல்லை. தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் கலங்கல். தலையில் ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடியே அன்றைய விலையைச் சொன்னார். அன்றைக்குப் பெருமூச்சு வரவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. இன்னொரு வாளி விட்டார்.

"நீ மட்டும் கோட்டைத் தள்ளிப் போட்டிருந்தா இந்நேரம் ஒரு மோட்டார் வண்டியே வாங்கியிருக்கலாம்" என்றார். மூன்றாவது வாளியை ஊற்றிக்கொண்டு முகத்தைத் துடைத்தார். "ஆனா அதுல குளிக்க முடியாது."

இப்போது வீடும் வந்துவிட்டது. இத்தனை வருஷம் புள்ளி வைத்ததில் வெள்ளி எங்கே போகும் என்று எந்த வடிவமும் எனக்குச் சொன்னதில்லை, நான் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் அந்தச் சிவப்புக் கோடு ஒரே ஒரு தடவை சொல்லிற்று, அதுவும் தப்பான விலையில்.